பதினொன்றே காலுக்கு வரும் சத்தம்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சத்தமே கிடையாது. கொரியாவின் தெற்குக் கரையில், நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவுள்ள ஊர். பிள்ளைகள் உள்ளே வந்ததும் மெத்தென்ற செருப்புக்கு மாறிவிடுவதால் காலடிகூடக் கேட்காது. ஆனாலும் வெளியே ஏதாவது ஒரு வண்டி ஹாரன் அடித்தால் போதும், பாடம் நடத்திக்கொண்டிருக்கும் என் இடது கட்டைவிரல் தானாக நெஞ்சுக்குப் போய் அங்கே இல்லாத ஒரு பட்டனைத் தேடும். வந்து இரண்டு மாதம் ஆகிறது. இரும்புக் குச்சியால் மீனில் முள் எடுக்கப் பழகிவிட்டேன். தரையே சூடாக இருக்கும் அறையில் தூங்கப் பழகிவிட்டேன். கட்டைவிரல் மட்டும் பழகவில்லை. அது என் பழக்கமே இல்லை. இதற்கு முன் சேலையூரில் வேலை பார்த்தபோது எனக்கு அடுத்த தடுப்பில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து தொற்றிக்கொண்டது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை, அண்ணா என்றே சொல்கிறேன். எழுதினால், "இதுவும் ஒரு சத்தம்தானே தம்பி" என்பார்.

கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். பிளைவுட் தடுப்பு வைத்துப் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்செட். கொரியாவில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் நாங்கள் சேலையூரிலிருந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்போம். ஆளுக்கொரு வெள்ளைக்காரப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவருக்கு மார்ட்டின். எனக்கு ஆண்டி. இதைக் கேட்டு என் அம்மா, "ஆண்டியா? அதுக்கா உன்ன காலேஜு வரைக்கும் படிக்க வச்சேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எங்கிருந்து பேசுகிறோம் என்று பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ச் சத்தம் அந்தப் பக்கம் கேட்கக் கூடாது. அதுதான் விதி. மற்றவர்களுக்கு அது விதி. அவருக்கு அது உயிர்.

ஹெட்செட் வயரில் நெஞ்சுக்கு நேராக ஒரு சின்ன மியூட் பட்டன் இருக்கும். ஏழு வருடமாக அவருடைய இடது கட்டைவிரல் அதன் மேலேயே கிடந்தது. சத்தம் வந்த பிறகு அமுக்குகிறவர்கள் நாங்கள். அவர் வருவதற்கு முன் அமுக்குவார். அவர் தடுப்பில் கையால் எழுதிய ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. குப்பை வண்டிப் பாட்டு, ஒன்பது ஐம்பது, ஒரு நிமிடம். பழைய இரும்புக்காரரின் ஸ்பீக்கர், பத்து இருபது, இருபது விநாடி. பக்கத்துப் பள்ளிக்கூட மணி, ஒன்று ஐந்து, எட்டு விநாடி. விமானப்படைத் தளத்தில் பயிற்சிக்குப் பறக்கும் விமானங்களுக்கு மட்டும் நேரம் கிடையாது. அதற்கு அவர் காலையில் டீக்கடையில் நின்று வானத்தைப் பார்ப்பார்.

"மேகம் கம்மி. இன்னைக்கு சுத்துவானுங்க. உஷாரா இரு."

பேக்கரி ஷட்டர் கிறீச்சிடுகிறது என்று ஒரு நாள் அவரே தேங்காய் எண்ணெய்ப் புட்டியோடு இறங்கிப்போய்த் தடவிவிட்டு வந்தார். பேக்கரிக்காரர், "சார், கேக்குக்குக்கூட நான் இவ்ளோ எண்ணெய் ஊத்தறதில்ல" என்றார். அண்ணா சிரிக்கவில்லை. ஷட்டரை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாடிக்கு வந்தார்.

ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து. அவர் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கோயில் பையன்களில் ஒருவன் மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், அம்மனையே மியூட் பண்ணச் சொல்றியா?"

அதுவரை அண்ணா என்னிடம் பேசியதெல்லாம் அளந்து எடுத்த தமிழும் அதைவிட அளந்த ஆங்கிலமும்தான். அன்று அவர் வாயிலிருந்து வேறொரு ஆள் பேசினார்.

"அம்மன யார்ரா சொன்னது? அவ பாட்டுக்குப் பாடிக்கினு இருக்கட்டும். அந்தக் கொழாய மட்டும் அந்தாண்ட திருப்பு மச்சான். மேல புள்ளைங்க படிச்சிகினு கீது."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்மாளுடா" என்றான் ஒருவன். குழாய் திரும்பியது. படியேறும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பெரும்பாக்கம் போர்டு வீடு. அதுக்கு முன்னாடி அடையாத்தங்கரை குடிசை. இத ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லாத ஒன்று இருந்தது.

அந்தத் தெருவில் காலை பதினொன்றே காலுக்குத் தினமும் ஒரு மீன்கார அம்மா வருவாள். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று, தொண்டை நரம்பு புடைக்கக் கூவுவாள். சங்கரா, நெத்திலி, காரப்பொடி. எங்கள் வீட்டில் அவள் குரல் கடல் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும். அவள்தான் என் அம்மா. விடியலில் படகு கரைக்கு வந்ததும் மீன் எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி சேலையூர் வருவாள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது தற்செயல். என் மகன் வேலை செய்யும் தெரு என்று அவளுக்கு அதில் பெருமை. மேலே பார்த்துக் கூப்பிடக் கூடாது, என்னைத் தெரியும் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று முதல் வாரமே அவளிடம் கண்டித்துச் சொல்லியிருந்தேன். முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிப் படித்தவன் நான். அந்தச் சான்றிதழை வாங்கத் தாலுகா ஆபீசுக்கு நான்கு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அலைந்தவள் அவள்.

நான் சேர்ந்தபோது அட்டவணையில் அவளும் இருந்தாள். "மீன்காரம்மா, பதினொன்றே கால், நாற்பது விநாடி." மூன்றாவது வாரம் பார்த்தேன், அந்த வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதால் எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

ஏன் இப்படிச் சத்தத்துக்குப் பயப்படுகிறார் என்று மட்டும் ஒரு முறை கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். முதல் வருடம் ஒரு பிள்ளையின் தாய், நிறுவனத்துக்குக் கருத்து எழுதியிருக்கிறாள். ஆசிரியர் தெருவில் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துகிறார் போலிருக்கிறது என்று. ஒரு மாதம் அவருக்கு வகுப்பே தரவில்லை.

"தெருவுல உக்காந்திருக்கேனாம்" என்றார். "வீட்ட இடிச்சப்போ நெஜமாவே தெருவுல உக்காந்துதான் படிச்சேன். அது அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவர் மீதி டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

இன்னொரு நாள் ஜன்னலோரம் ஒரு குயில். அவர் கணக்கில் வராத சத்தம். அந்தப் பக்கமிருந்த சிறுமி, அது என்ன சார், இன்னொரு தடவை என்று கேட்டிருக்கிறாள். இவர் மியூட்டை அமுக்கியவர், குயில் போகும்வரை விரலை எடுக்கவில்லை. சிறுமி கைகளை ஆட்டி ஆட்டித் திரையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்ததை நான் தடுப்புக்கு மேலாகப் பார்த்தேன்.

கொரியாவுக்கே போய் நேரில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எல்லோருக்கும் தெரிந்த ஆசை. வாட்ச்மேனிடம் சாவி கொடுத்தாலும் இரண்டு கையாலும்தான் கொடுப்பார். அங்கே அப்படித்தானாம். வாட்ச்மேன், "என்ன சார், தாம்பூலமா?" என்பார். அண்ணா இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கடைசியில் நழுவிவிட்டது. மூன்றாவதாக, நான் இப்போது இருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு உதவி ஆசிரியர் வேண்டும் என்று வந்தபோது, எங்கள் மேடம் இரண்டு பெயரை அனுப்பினார். அவர் பெயரும் என் பெயரும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் படகு பழசாகிவிட்டது, அப்பாவும்தான். அவரைவிட நான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் மாதிரி வகுப்பு. அந்தப் பள்ளியின் பிள்ளைகள் பத்துப் பேர் எதிரே உட்காருவார்கள், மூன்று ஆசிரியர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பதினொரு மணிக்கு ஒருவர், பன்னிரண்டுக்கு ஒருவர். அரை மணி நேரம் ஆளுக்கு. மேடம் அண்ணாவைப் பார்த்து, "நீங்கதான் சீனியர். எந்த டைம் வேணுமோ எடுத்துக்கோங்க" என்றார்.

"பதினொண்ணு" என்றார் அவர், யோசிக்காமல்.

பதினொன்றே கால். இவருக்கா மறந்துபோகும்? அட்டவணையில்தான் அந்த வரி இல்லையே, அதனால் விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணா, பதினொன்றே காலுக்கு மீன் வருமே. அல்லது அன்று மாலை வீட்டில், அம்மா, வெள்ளிக்கிழமை மட்டும் அந்தத் தெருவுக்கு வராதே. இரண்டில் எதைச் சொன்னாலும் போதும். புதன், வியாழன் இரண்டு நாளும் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது தப்பில்லை, நான் எதையும் செய்யவில்லையே என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான்காம் அறை. அதில்தான் சத்தம் தடுக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. நான் வெளியே நின்றேன்.

ஆரம்பித்த உடனே அந்தப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை சொன்னாள். ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள், வகுப்பில் நிற்பதுபோல் பலகை அருகே நின்று நடத்துங்கள். இதை யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. அண்ணா ஹெட்செட்டை மெதுவாகக் கழற்றினார். மியூட் பட்டன் அதனோடு போய்விட்டது. அவருடைய இடது கை எங்கே போவதென்று தெரியாமல் ஒரு கணம் நெஞ்சருகே நின்று, பிறகு பேன்ட் பாக்கெட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

வழக்கம்போலத்தான் தொடங்கினார். எந்த வகுப்பையும் அவர் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவார், நான் பேசுவது கேட்கிறதா என்று. கேட்கிறது என்று பத்துப் பிள்ளைகளும் கத்தினார்கள். ஐந்தே நிமிடத்தில் அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டார். பின்னால் நின்ற ஆசிரியர்களும் சிரித்தார்கள். அவருக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினொன்று அடித்துப் பன்னிரண்டு நிமிடம். நான் படிக்கட்டு ஜன்னலுக்கு வந்தேன். தெருமுனையில் அம்மா திரும்புகிறாள். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு மாடி, ஐம்பது அறுபது அடி தெரு. ஓடிப்போய் வாயில் விரல் வைத்தால் போதும். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினால்கூடப் போதும், அவள் தினமும் மேலே பார்ப்பாள். என் கையில் போன் இருந்தது. அவள் இடுப்பிலும் ஒரு போன் இருந்தது. அன்றும் அவள் மேலே பார்த்தாள். நான் ஜன்னலை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"மீனேய்ய்ய்... சங்கரா, நெத்திலீய்ய்..."

கண்ணாடிக்கு ஓடினேன். உள்ளே அண்ணாவின் இடது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்திருந்தது. நெஞ்சில் தேடியது. இல்லை. அவர் பாதி வாக்கியத்தில் பாய்ந்துபோய், லேப்டாப்பின் மேல் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மைக் இருக்கும் இடத்தில்தான் கேமராவும். திரையின் மூலையில் அவர் முகம் இருந்த கட்டம் கறுப்பானது. பத்துப் பிள்ளைகளுக்கும் இருட்டு. ஹலோ, ஹலோ என்றார்கள். ஆசிரியை அருகே வந்து, கேட்கிறதா, கேட்கிறதா என்றாள். அவர் கையை எடுக்கவில்லை. அவருடைய உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா கீழே யாரிடமோ, "வஞ்சரம் நாளைக்குத்தான் கண்ணு" என்று சொல்வதுவரை கேட்டது. நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கையை எடுத்தபோது பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை, ஆசிரியையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மிச்ச வகுப்பைச் சரியாகத்தான் நடத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நான் போனேன். ஹெட்செட் கிடையாது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பரீச்ச நல்லா எழுதினியா?"

"எந்தப் பரீட்சை?"

"உங்க ஆபீஸு அண்ணன்தான் சொல்லிச்சு. எங்கிட்டதான எப்பவும் நெத்திலி வாங்கும். 'யக்கா, வெள்ளிக்கெழம எப்பவும்போல பதினொன்னே காலுக்கே வந்துட்டுப் போயிடு. பன்னண்டுக்கு மேல அந்தத் தெருப்பக்கம் தல வச்சுப் படுக்காத, உம்புள்ளைக்கு பரீச்ச'ன்னுச்சு. நான் அன்னிக்கு வரவே இல்லப்பான்னேன். 'வேணாங்க்கா, ஏன் யாவாரத்தக் கெடுத்துக்கிற, நாப்பது செகண்டுதான, நான் பாத்துக்கறேன்'ன்னுச்சு." கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "யாரோ ஒரு புள்ள வந்து சொல்லுது. நீ ஏன்டா எங்கிட்ட வாயே தொறக்கல?"

பத்து நாளில் முடிவு வந்தது. அண்ணா எனக்கு இரண்டு கையையும் நீட்டிக் கை கொடுத்தார். அடுத்த மூன்று மாதம் பாஸ்போர்ட், போலீஸ் சான்றிதழ், விசா என்று நான் அலைந்தபோது எந்தத் தாளில் எங்கே முத்திரை வேண்டும் என்று சொன்னதெல்லாம் அவர்தான். ஏழு வருடமாக அவருக்கு அது மனப்பாடம். அவர் அன்பாக இருக்க இருக்க எனக்கு அவர் பக்கத்தில் உட்காரவே முடியவில்லை.

கடைசி நாள் டீக்கடையில் கேட்டேன். "அது எங்க அம்மான்னு எப்படிண்ணா தெரியும்?"

"அவங்க சொல்லல. அவங்களத் திட்டாத" என்றார் முதலில். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குப்பை வண்டி, இரும்புக்காரர், பிளேன், எல்லாத்துக்கும் உன் வெரலு லேட்டு. அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் என்னைவிட ஒரு செகண்டு முந்தி அமுக்குவ. தெருமுனையில இருக்கும்போதே. பெத்தவ கொரலுக்குத்தான் தம்பி அப்படிக் காது போவும்."

நான் தலை குனிந்துகொண்டேன்.

"அதான் அந்த லைன எடுத்துட்டேன். ஒருத்தங்க அம்மாவ குப்பை வண்டி கூட வச்சு எழுதறதா?" டீ கிளாஸைச் சுற்றினார். "அன்னைக்கி நீ அவங்கள வராதன்னு சொல்லிடுவியோன்னு நெனச்சேன். சொல்லல பாரு. அம்மாவ மறைக்கக் கூடாதுன்னு உனக்குத் தோணிருக்கு. எனக்கு அது போதும்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "ஆமாண்ணா" என்றேன்.

இங்கே வந்த பிறகு அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. அங்கே சத்தம் எப்படி? இரண்டு மாதமாக அதற்கு நான் பதில் எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு சின்ன லாரி வந்தது. மேலே ஸ்பீக்கர். ஒரு பெண் குரல், பதிவு செய்தது, திரும்பத் திரும்ப ஏதோ கூவியது. என் கட்டைவிரல் நெஞ்சுக்குப் போனது. மீன் வண்டி என்றாள் முன்வரிசைச் சிறுமி. சுவரில் மணி இரண்டே முக்கால். இங்கே இரண்டே முக்கால் என்றால் சேலையூரில் பதினொன்றே கால். அம்மா ஜன்னலுக்குக் கீழே நிற்கிறாள். மேலே அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பள்ளி விட்டதும் வாசலில் நின்றபடி போனில் பேசி அனுப்பினேன். "அண்ணா, அன்னைக்கு நான் அம்மாவத் தடுக்காதது நீங்க நெனச்ச காரணத்துக்கு இல்ல. அவங்க வருவாங்கன்னு தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க தோக்கணும்னுதான்."

அவர் கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. அன்று பதில் வரவில்லை.

மறுநாள் இரண்டே முக்கால் தாண்டியதும் மேஜையில் போன் அதிர்ந்தது. அவர்தான். எழுத்தில்லை, குரல் பதிவு. நாற்பது விநாடி. வகுப்பு முடியும்வரை அதைத் தொடவில்லை. பிள்ளைகள் போன பிறகு, அறையைப் பெருக்க இரண்டு சிறுமிகள் மட்டும் இருந்தார்கள். அமுக்கினேன்.

ஜன்னல் திறக்கும் சத்தம். அந்த ஜன்னலை அவர் திறந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு ஸ்கூட்டர். பிறகு, காறிச் செருமிக்கொண்டு, என் அம்மா. சங்கரா, நெத்திலி, காரப்பொடி. சிறுமிகள் துடைப்பத்தை நிறுத்தினார்கள்.

"டீச்சர், யார் அது?"

"என் அம்மா" என்றேன். "மீன் விற்கிறார்."

இன்னொரு தடவை, என்று கேட்டார்கள். மறுபடி போட்டேன். ஊர் முழுக்கக் கேட்கும்படி அம்மா கூவி முடித்தாள். நாற்பதாவது விநாடியில், மைக்குக்கு மிக அருகே, அவர் குரல்:

"கேக்குதா தம்பி?"